கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பக்கம்

அத்தியாயம் 5

கொல்லயில் ஊர் வாசகசாலைக்குள் கால் வைத்ததும் பொன்னுதாஸ் கண்ணில் பட்டவை அட்டைப்பெட்டிகள்தான். மொத்தம் பத்து. பெட்டிக்கு ஐம்பது விழா மலர். ஐநூறு மலரிலும் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், செத்து நாற்பது வருஷத்துக்கு மேலான ஒரு மனிதரைத் துரோகி என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

மணி ஒன்றரை. ஐந்து மணிக்குத் தொண்டர்கள் வந்து பெட்டிகளைப் பிரித்து வீடுவீடாகக் கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். நாளைக் காலை மந்திரி வந்து நினைவுக் கல்லைத் திறப்பார். அதற்கு அப்புறம் யார் என்ன கரடியாய்க் கத்தினாலும் அந்தப் பக்கம்தான் சரித்திரம்.

“மூணரை மணிக்கூறு உண்டு,” என்றாள் லேகா.

“தாராளம். நான் அரை மணிக்கூறு உறங்கிட்டு வாறேன்,” என்றார் பொன்னுதாஸ்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, கொல்லயிலிலிருந்து பாறசாலை வரை முந்நூற்றுச் சொச்சம் வீட்டுக்குப் பேப்பர் போடுகிற ஏஜெண்ட் அவர். ஏழு மணிக்கு மேல் லேகாவுக்கு உதவியாளர். லேகா பதினெட்டு வருஷம் கோர்ட் நிருபராக இருந்தவள். பத்திரிகையில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, உதியன்குளங்கரை சந்திப்பில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் தொடங்கிவிட்டாள். வருகிற கேஸெல்லாம் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை விசாரிக்கிற கேஸ்தான். எண்பத்தேழு வருஷம் பழைய கேஸ் வந்தது இதுதான் முதல் தடவை.

கேஸைக் கொண்டுவந்தவர் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சத்தியபாய், எழுபத்தைந்து வயது, ரிட்டயர்டு நர்ஸ். உட்கார்வதும் எழுந்து எட்டிப் பார்ப்பதும் மறுபடி உட்கார்வதுமாக இருந்தார். அந்தத் துரோகி அவருடைய அப்பா மாசிலாமணி.

“எனக்க வயசுக்கு என்ன பேச்சு வேணும்னாலும் கேட்டுக்கிடுவேன், மக்கா,” என்று காலையில் அலுவலகத்துக்கு வந்து சொல்லியிருந்தார். “ஸ்கூலில ஒற்றன்மவ, ஆஸ்பத்திரியில ஒற்றன்மவ. வாயால சொன்னது காத்தோட போச்சு. அச்சில வந்தா எனக்க பேரப்பிள்ளையளும் ஒற்றன் வீட்டுப் பிள்ளையளாக்கும்.”

“அப்பா என்ன சொன்னாரு?” என்று லேகா கேட்டாள்.

“‘நான் பத்திரிகக் கெட்டு கொண்டுபோனேன், வேற ஒண்ணும் செய்யல்ல’ம்பாரு. வேற ஒரு வார்த்த வராது. சாவுற வர வரல்ல.”

இப்போது உள்ளே மோகனன் சார் வந்து நின்றார். ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். விழா மலரை எழுதியவர் அவர்தான். நாளைக்குத் திறக்கப்போகிற கல்லில் பெயர் பொறித்திருக்கிற இரண்டு பேரும் அவர் குடும்பம். வேட்டி மடிப்புக் கலையாமல், குரல் ஏறாமல், வகுப்பெடுப்பது போலப் பேசினார்.

“‘நெய்யாற்றுத் தூதன்’னு வாரப் பத்திரிகை. எழுதினது சிவதாணு. மெஷின் ஓட்டினது அவருக்க தம்பி அனந்தன், எனக்க அப்பூப்பன், அப்பனுக்க அப்பன். அச்சுக் கோத்தது மாசிலாமணி. சனங்களுக்குப் பதில் சொல்லுற பொறுப்பாட்சி வேணும்னு எழுதினதுக்கு ராஜாவுக்க திவான் சர்க்கார் மூணு தடவ பூட்டிச்சு. மூணு தடவயும் மெஷினைக் காளைவண்டியில ஏத்தி, மேல வைக்கோல் போட்டு, வேற வீட்டுக்கு மாத்தினாங்க. கடைசியில 1938 அக்டோபர் பதினஞ்சு, சனிக்கிழமை விடியக்காலம் போலீசு வந்துது. அண்ணனையும் தம்பியையும் பிடிச்சுது, மெஷினை அடிச்சு ஒடச்சுது. ஜெயில்ல காய்ச்சல் வந்து ரெண்டு பேரும் போனாங்க. மாசிலாமணி மட்டும் அன்னைக்கி அங்க இல்ல.”

“இல்லாததுதான் குற்றமா சாரே?” என்றார் பொன்னுதாஸ். “நானும் அங்க இல்ல.”

மோகனன் சார் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். உள்ளே பழுப்பேறிய ஒற்றைத் தாள். “தூதனுக்க கடைசி இதழ். உலகத்துல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். தேதியப் பாருங்க.”

பொன்னுதாஸ் மூக்கைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டு பார்த்தார். அக்டோபர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.

“சனிக்கிழமை எழுதினவரு ஜெயில்ல. மெஷின் துண்டு துண்டா. ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி நாகர்கோவிலில நின்னு இந்தத் தாள வித்தாரு, பார்த்து எழுதி வச்சவங்க உண்டு. பின்ன இத ஆரு அடிச்சா? போலீசு துணையில்லாம அடிக்க முடியுமா? வாங்க வாறவன் ஆருன்னு பார்த்துப் பிடிக்கப் போட்ட தூண்டிலாக்கும் இது. போலீசு டயரியிலயும் உண்டு, ‘கிடைத்த தகவலின் பேரில்’னு. தகவல் கொடுத்தவன் ஆருன்னு நான் சொல்லணுமா?”

பொன்னுதாஸ் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓட்டையே இல்லாத பேச்சாக இருக்கிறதே! வராந்தாவில் இருக்கிற அந்த அம்மாவிடம் என்ன சொல்வது?

லேகா மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பின்பக்கத்துல என்ன சார் உண்டு?”

“ஒண்ணுமில்ல. தைலம் விளம்பரம், குடை விளம்பரம்.”

“ஒரு தடவ கழற்றிப் பார்க்கலாமா?”

“தொட்டா பொடிஞ்சு போவும். விழா முடியட்டும், பிறகு பாக்கலாம்.”

பதில் சட்டென்று வந்தது. கேட்பதற்கு முன்பே தயாராக வைத்திருந்த பதில் போல இருந்தது. பொன்னுதாஸுக்கு மூக்கு வேர்த்தது. “சட்டம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு சாரே,” என்று சொல்லி, நேராகவே இருந்த சட்டத்தைத் தூக்கி, பின்னால் ஒரு நோட்டம் விட்டு, இன்னும் கோணலாக மாட்டிவைத்தார்.

வெளியே வந்ததும் லேகாவின் காதில் சொன்னார்: “பின்னாடி புது அட்டை, புது டேப். ஒரு ஸ்டிக்கரும் உண்டு. தீபு பிரேம்ஸ், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“ஏறுங்க அண்ணே.”

லேகாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்வதற்குத் தனி தைரியம் வேண்டும். அமரவிளைப் பாலத்தில் லாரிகள் மூச்சுவிட இடமில்லாமல் நின்றன. அவள் இரண்டு லாரிக்கு நடுவில் நுழைந்தாள். பொன்னுதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். பயம் வந்தால் அவருக்கு வாய் அதிகமாகும்.

“தேதிய நம்பி ஒரு மனுசன தூக்கில போடுறதா? எனக்குக் கேட்டா சிரிப்பாட்டு வருது, பிள்ளே. இண்ணைக்கி வெள்ளிக்கிழம. அடுத்த புதன்கிழமத் தேதி போட்ட வாரிகை, வாரப் பத்திரிகயாக்கும், எனக்குக் காலையிலயே வந்தாச்சு. கடைசி வீட்டுக்காரன் கையில கிட்டும்போதும் புதுசா இருக்கணும்னு கம்பெனிக்காரன் முன்தேதி போடுவான். தூரத்துக் கெட்டு முதல்ல போவும், பக்கத்துக் கெட்டு கடைசியில...”

ஸ்கூட்டர் கிரீச்சென்று நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவர்கள் இருவரின் குடும்பத்தையும் நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணே!”

“எதை? கம்பெனிக்காரன்...”

“தூரத்துக் கெட்டு முதல்ல போவும்!”

பொன்னுதாஸுக்கு அப்போதுதான் தாம் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இருபத்தைந்து வருஷமாகத் தினமும் கையால் செய்கிற வேலை! ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு நாகர்கோவிலில் இருக்க வேண்டுமென்றால், அந்தக் கெட்டு புதனோ வியாழனோ கிளம்பியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்தப் பஸ் பறந்தது? பக்கத்து ஊருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கையில் வாங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை அடித்தது என்றே நினைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் பக்கத்துக் கெட்டு போலீசோடு போய்விட்டது.

“அப்பம் ‘கெட்டு கொண்டுபோனேன்’னு அந்த மனுசன் சொன்னது நெசமாக்கும்!” என்று கத்தினார்.

“நெசம்னு நமக்குத் தெரியுது. வாரிகையக் காட்டி வாத்தியாரை ஒத்துக்க வைக்க முடியுமா? அந்தத் தாளு சனிக்கிழமைக்கு முன்னாடி அடிச்சதுன்னு அந்தத் தாளே சொல்லணும்.”

தீபுவின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சோறு தின்னப் போயிருக்கிறான், இப்போது வருவான் என்றார் பக்கத்துக் கடைக்காரர். மணி இரண்டே முக்கால். அந்த ‘இப்போது’ நகரவே இல்லை. லேகா நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். பொன்னுதாஸ் சட்டைக்குள்ளிருந்து ஒரு விழா மலரை எடுத்து நீட்டினார்.

“திருடினீங்களா?”

“இனாமா கொடுக்கிறத எடுத்தா திருட்டாவுமா? வாசியும்.”

லேகா நாற்பத்தொன்றாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். போலீஸ் டயரியைப் பார்த்து மோகனன் சார் எழுதியிருந்தார்: “ஐந்து வார வறட்சிக்குப் பின் வெள்ளிக்கிழமை மாலை பெருமழை கொட்டியது. உதியன்குளங்கரையில் லாரி சேற்றில் புதைந்ததால் போலீசார் இரவெல்லாம் நனைந்து நடந்தே கொல்லயில் சேர்ந்தனர்.”

“நல்லா நனையட்டும்,” என்றார் பொன்னுதாஸ்.

மூன்றே காலுக்குத் தீபு வந்தான். முப்பது வயது, கையில் பசைக் கறை, வாயில் பல்குச்சி. தாள் என்றதும் ஞாபகம் வந்துவிட்டது.

“மோகனன் சாருக்க தாளு. ஓர்ம உண்டு. பின்பக்கத்தப் பசை போட்டு அட்டையில ஒட்டிரச் சொன்னாரு. நான் ஒட்டல்ல. அவ்வளவு பழைய தாளில பசை போட எனக்கு மனசு வரல்ல. சும்மா அட்டை வச்சு மூடியிருக்கு. அவருக்கிட்ட சொல்லாதீங்க.”

“எலே மக்கா, பின்பக்கத்துல என்ன இருந்துது?”

“நான் எங்க வாசிச்சேன்? போட்டோ உண்டு, பாருங்க.” போனைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: “பழசு எது வந்தாலும் தொடுறதுக்கு மின்ன ரெண்டு பக்கமும் போட்டோ எடுப்பேன். ஒரு தடவ ஒருத்தரு, கிழிசல் நீ போட்டதுன்னு சொல்லிக் கடையில வந்து பெரிய வழக்காச்சு. அதுக்குப் பிறகு இதுதான் எனக்க முறை.”

பொன்னுதாஸுக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. பல்குச்சியைப் பார்த்து விட்டுவிட்டார்.

படம் வந்தது. லேகா பெரிதாக்கினாள். தைலம் உண்டு, குடை உண்டு. குடைக்கு மேலே ஒரு சின்னக் குறிப்பு: “ஐந்து வாரமாக ஒரு துளி இல்லை. இன்றும் வானம் வெளுத்தே கிடக்கிறது. கேட்பாரில்லாமல் நிற்கிறது பயிர். சர்க்காரும் வானத்தைப் போலவே.”

“அட என் கர்த்தாவே!” பொன்னுதாஸ் தொடையில் அடித்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை மழை கொட்டி லாரி புதைஞ்சுது. சனி, ஞாயிறில அடிச்ச தாளுன்னா மழை இல்லன்னு எழுதுவானா? மழைக்கு மின்ன அடிச்ச தாளு! சத்தியபாய் சிஸ்டருக்க அப்பன் தப்பிச்சாச்சு!”

“பாதி தப்பிச்சாச்சு. ‘கிடைத்த தகவல்’ ஆரு கொடுத்ததுன்னு கேப்பாரே வாத்தியார்?”

சொல்லிக்கொண்டே படத்தைக் கீழே நகர்த்தினாள். அடிவிளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி. அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அவள் முகம் மாறியது.

“என்ன பிள்ளே? காட்டு.”

“படத்த எனக்கு அனுப்பு தீபு,” என்று சொல்லிப் போனைப் பையில் போட்டுக்கொண்டாள். “ஏறுங்க அண்ணே. நாலரைக்குள்ள போவணும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் பொன்னுதாஸ் கெஞ்சினார், கோபித்தார், சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் இப்படித்தான், மனுசனைக் கொல்லாமல் கொல்லுகிற பெண் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வாசகசாலை முற்றத்தில் ஏழெட்டுத் தொண்டர்கள் வந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பெட்டிகள் பிரித்தாகிவிட்டது. சத்தியபாய் பெஞ்சை விட்டு எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேகா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மழை விஷயத்தைச் சொன்னதும் மோகனன் சார் முகத்தில் ஈயாடவில்லை. போனில் இருந்த படத்தைப் பார்க்கவும் இல்லை. “செரி. தாளு மின்னமே அடிச்சதுன்னே வையுங்க. தகவல் போகாம போலீசு எப்படி வந்துது? ஆரு சொன்னா?”

“தூதனே சொல்லிச்சு சார்,” என்றாள் லேகா. “கடைசி வரிய நான் வாசிக்கவா, நீங்க சொல்லுறீங்களா?”

அவர் சுவர்ச் சட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வாசித்தாள்.

“‘நாம் ஒளிந்துகொண்டு அச்சிடுகிறோம் என்று சர்க்கார் சொல்கிறது. ஒளியவில்லை. அச்சிடும் இடம்: கொல்லயில் ஏலாக்கரை, ஓடு மேய்ந்த தெற்கு வீடு. எழுதுகிறவன் சிவதாணு. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.’”

பொன்னுதாஸ் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். எண்பத்தேழு வருஷமாக ஊர் ஒற்றனைத் தேடியிருக்கிறது. ஒற்றனே இல்லை! வியாழக்கிழமையே கெட்டு நாகர்கோவில் சேர்ந்திருக்கிறது, போலீஸ் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தாளை வாங்கிப் பிரித்து வாசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மோகனன் சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பெடுக்கிற குரல் போய்விட்டது.

“ஆறு மாசத்துக்கு மின்ன இந்தத் தாளு எனக்குக் கிட்டிச்சு. பின்பக்கம் வாசிச்ச அன்னைக்கி நான் சோறு உண்ணல்ல. சிவதாணு வீராப்பில எழுதின ஒரு வரிக்கு எனக்க அப்பூப்பனும் சேர்ந்து செத்தாரு. எனக்க அப்பன் அப்ப கைக்குழந்த. கூடப்பிறந்தவனையும் குழியில தள்ளினவருன்னு ஊரு சொல்லாதா? அந்தக் கல்லில நான் என்ன எழுதுவேன்?”

“அதுக்கு எனக்க அப்பன் துரோகி ஆவணுமா சாரே?” என்றார் சத்தியபாய்.

மோகனன் சார் கடைசியாக ஒரு முட்டு முட்டிப் பார்த்தார். “அந்தத் தாள நாகர்கோவிலுக்குச் சுமந்தது உங்க அப்பன்தானே சிஸ்டரே? அவரு கொண்டுபோனதாலதானே போலீசு வாசிச்சுது?”

“கொண்டுபோனாரு. பத்திரிகய ஆளு வாசிக்கத்தான் கொண்டுபோவாங்க. பூட்டி வைக்கவா? அவருக்க வேலையாக்கும் அது.”

பொன்னுதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் தன் தொழிலைப் பற்றி ஒருத்தர் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

“இன்னொண்ணு உண்டு சார்,” என்றாள் லேகா. “சிவதாணு அவரு பேரு மட்டும்தான் போட்டிருக்காரு. தம்பி பேரும் இல்ல, மாசிலாமணி பேரும் இல்ல. வந்தா தனக்கு மட்டும் வரட்டும்னு நினைச்சிருக்காரு. அது வீராப்பு மட்டும்தானா, நீங்களே யோசிச்சுப் பாருங்க. பிறகு, அந்த வரிய அச்சுக் கோத்தது ஆரு?”

சத்தியபாய் தலை நிமிர, லேகாவே பதிலும் சொன்னாள்.

“ஒவ்வொரு எழுத்தா பொறுக்கி வச்சது மாசிலாமணி. போலீசு எப்படி வந்துதுன்னு அவருக்கு நல்லாவே தெரியும். ‘சிவதாணுவே விலாசம் எழுதினாரு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே அவரு தப்பிச்சிருப்பாரு. செத்தவரு மேல பழி வந்திரும்னு சாவுற வர வாயத் திறக்கல்ல. உங்க குடும்பத்துக்க பேர நீங்க ஆறு மாசம் காப்பாத்தினீங்க சார். அவரு நாப்பது வருஷம் காப்பாத்தினாரு.”

சத்தியபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா ஏன் பேசவில்லை என்று அவர் எத்தனை நாள் சண்டை போட்டிருப்பார்! மோகனன் சார் எழுந்து போய், சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி, பின் அட்டையைத் தாமே நகத்தால் பிரித்தார். தாள் பொடியவில்லை.

“இனி என்ன செய்யணும்?” என்று கேட்டார். “ஐநூறு புஸ்தகத்த ஒரு ராத்திரியில திருப்பி அடிக்க முடியாது.”

“அடிக்க வேண்டாம். திருத்தம் எழுதும், ஐநூறு நகல் எடுப்போம். உள்ள செருகுறதுக்கு நான் உண்டு,” என்றார் பொன்னுதாஸ். “துணிக்கடை நோட்டீசை முந்நூறு பேப்பரில கண்ண மூடிட்டுச் செருகுறவனாக்கும். ஒரு மணிக்கூறு போதும்.”

மோகனன் சார் எழுதினார். அடித்தார், மறுபடி எழுதினார். சத்தியபாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். அடியில் ‘விழாக் குழு’ என்று இருந்தது.

“குழுன்னு ஒரு ஆளு கொல்லயிலில உண்டா சாரே? சிவதாணு பெரியவரு அவருக்க பேரும் வீடும் போட்டிருக்காரே.”

அவர் குழுவை அடித்துவிட்டுத் தம் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதினார். பொன்னுதாஸ் நகலெடுக்க ஓடுவதற்காகக் கையை நீட்டினார். சத்தியபாய் கொடுக்கவில்லை.

“முதல்ல வாசியும்,” என்றார். “வெளிய நிண்ணு வாசியும்.”

முற்றத்தில் தொண்டர்கள் புத்தகக் கட்டுகளோடு நின்றார்கள். எதிர் டீக்கடையில் பத்துப் பேர். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு. மோகனன் சார் வாசகசாலைப் படியில் நின்று வாசித்தார். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எழுதியது தவறு. ‘நெய்யாற்றுத் தூத’னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அச்சுக் கோத்த மாசிலாமணி ஒரு குற்றமும் செய்யாதவர். பழியைத் தம் மேல் வாங்கிக்கொண்டு வாழ்ந்தவர். தெரிந்தும் மறைத்தது நான்.

டீக்கடையில் கண்ணாடி டம்ளர் வைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோருக்கும் கேட்டது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது.

சத்தியபாய் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார்.

“கேக்கல்ல சாரே,” என்றார். “இன்னும் ஒருக்க வாசியும்.”